ஆளில்லாத் துவக்கும் ஆளுள்ள துவக்கும்

வன்னி நிலத்திலே காலபோக நெல் கதிர் தள்ளும் நாட்கள் வந்துவிட்டால் கமக்காரனுக்கு உறக்கம் என்பது இல்லை. பகற்பொழுதிலே மயிலும் குரங்கும் வயலில் இறங்குகின்றன. அந்தி மயங்கினால் காட்டுப்பன்றி வருகின்றது. நள்ளிரவிலே யானை வருகின்றது. நகையை அடகு வைத்து உழுது, கடனுக்கு உரம் வாங்கி, மழையை நம்பி விதைத்து, மாதக்கணக்காகக் கண்ணுங் கருத்துமாய்க் காத்த பயிரை ஒரு பன்றிக் கூட்டம் ஓரிரவிலே உழக்கிப் படுக்கவைத்துவிட்டுப் போய்விடுகின்றது. விடியற்காலையிலே வரப்பில் நின்று அந்த அழிவைப் பார்க்கும் கமக்காரனின் நெஞ்சம் படும் பாட்டை, தலைநகரிலே குளிரூட்டிய அறைகளில் அமர்ந்து கோப்புக்களைப் புரட்டுவோர் அறிவாரா? நெடுங்கேணியிலும் ஒட்டுசுட்டானிலும் துணுக்காயிலும் இதே கதை. மட்டக்களப்பின் படுவான்கரையிலும் இதே கதை.

அரசாங்கத்துக்கு இச்செய்தி எட்டவில்லை என்று சொல்வதற்கில்லை. 2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15ஆம் நாள் காலை 8 மணி தொடக்கம் 5 நிமிட நேரம், குரங்கும் மயிலும் மர அணிலும் எத்தனை என்று நாடு முழுவதும் எண்ணிப் பார்த்தார்கள். எண்ணியது நன்று. ஆனால் இரவிலே வரும் பன்றி காலை 8 மணிக்கு எவருடைய கணக்கிலும் அகப்படுவதில்லை. கமக்காரனின் இழப்பும் அவ்வாறே எவருடைய கணக்கிலும் அகப்படாமல் இருந்து வருகின்றது.

பயிரைக் காக்கக் கமக்காரனுக்கு உள்ள வழிகள் எவை? தகரம் தட்டலாம், தீப்பந்தம் காட்டலாம், யானை வெடி கொளுத்தலாம். முதல் வாரம் விலங்குகள் அஞ்சி ஓடும். இரண்டாம் வாரம் நின்று பார்க்கும். மூன்றாம் வாரம் அந்த ஓசையிலேயே மேயும். வேலி அடைக்கலாம். முட்கம்பிக்கும் மின்வேலிக்கும் முதல் வேண்டும். 2 ஏக்கர்க் காணியைக் குத்தகைக்குச் செய்பவனிடம் அந்த முதல் எங்கே இருக்கின்றது? மூன்றாவது வழி, அனுமதிப்பத்திரம் பெற்ற துவக்கொன்றைக் கையில் வைத்துக்கொண்டு காவற்கொட்டிலிலே விழித்திருப்பது. இந்த மூன்றாவது வழியின் கதவு அரைகுறையாகவே திறந்திருக்கின்றது. ஆகவே நம்மவர் சிலர் நான்காவது வழி ஒன்றைக் கண்டார்கள். அதைப் பற்றி எழுதும்போது நமது தலை தாழ்கின்றது. அதுதான் கட்டுத்துவக்கு.

கட்டுத்துவக்கு என்பது ஆளில்லாத் துவக்கு. அதைக் கட்டியவன் வீட்டிலே படுத்து உறங்குகின்றான். அது காட்டுப்பாதையிலே விழித்திருக்கின்றது. வருவது பன்றியா, மாடு தேடி வந்த சிறுவனா, விறகு பொறுக்க வந்த தாயா, தேன் எடுக்கப் போன தொழிலாளியா என்று அதற்குத் தெரியாது. அதற்குக் கண் இல்லை; இரக்கம் இல்லை; ஐயம் இல்லை. காலடி பட்டவுடன் சுடுவது ஒன்றே அதற்குத் தெரியும்.

சில காலத்துக்கு முன்பு, ஒரே மாதத்தில், ஒரே கிராமத்தைச் சேர்ந்த இருவர் நமது அலுவலகத்து வாங்கிலே வந்து அமர்ந்தார்கள். முதலில் வந்தவர் முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவர். மாட்டைத் தேடிப் பற்றைக்குள் இறங்கியபோது கட்டுத்துவக்கு வெடித்தது. வைத்தியசாலையிலே காலை எடுத்துவிட்டார்கள். இரண்டாவதாக வந்தவர் அந்தத் துவக்கைக் கட்டியவர். இருவரும் அயலவர்; ஒருவர் வீட்டு நன்மை தீமைக்கு மற்றவர் போய் வருபவர்; இருவருமே ஏழைகள். ஒரே பிணக்கிலே இரு பக்கமும் நிற்பது சட்டத்தரணியின் தொழிலுக்கு அடாது. ஆதலால் இரண்டாமவரை வேறொரு நண்பரிடம் அனுப்பினோம். போகுமுன் அவர் கேட்டார்: “ஐயா, நான் பண்டிக்குத்தானே கட்டினனான்?”

பின்பு தமது உறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். சட்டப்படி ஒரு துவக்குத் தாருங்கள் என்று அவர் முன்பு விண்ணப்பித்திருக்கின்றார். பல மாதங்களின் பின் ஓர் அலுவலகத்திலிருந்து மறுமொழி வந்திருக்கின்றது. அது முழுவதும் சிங்களத்திலே இருந்தது. மேலும் சில பத்திரங்களை இணைத்து அனுப்புமாறு கேட்கும் சாதாரணக் கடிதந்தான் அது. அவரோ, “இல்லை” என்று சொல்லிவிட்டார்கள் போலும் என எண்ணி, அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுக் கட்டுத்துவக்குச் செய்ய ஆள் தேடியிருக்கின்றார்.

வாசகர்களே, அந்தக் கடிதத்தை வாசித்தபோது நமது உள்ளம் பட்ட வேதனை கொஞ்சமன்று. தமிழும் ஆட்சிமொழி என்று 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் அரசியலமைப்பிலே எழுதிவைத்திருக்கின்றது. எழுதிவைத்தது கடைப்பிடிக்கப்பட்டிருந்தால், ஒருவருக்குக் கால் போயிராது. மற்றவர் குற்றவாளிக் கூண்டிலே ஏறியிரார். மொழியுரிமை என்பது மேடையிலே முழங்குவதற்கு மட்டும் உரிய பொருள் என்று எண்ணுவோர் இந்த ஒரு கடிதத்தை எண்ணிப் பார்க்கட்டும்.

ஆயினும், கடிதம் சிங்களத்தில் வந்தது என்பதற்காகக் கட்டுத்துவக்குக் கட்டியது நியாயமாகிவிடுமா? ஆகாது. ஒருபோதும் ஆகாது. இதை நாம் தெளிவாகச் சொல்ல விரும்புகின்றோம். நம் மக்களுக்கு இனிப்பானதை மட்டும் சொல்லிப் பழகிய நாவு நமக்கு வேண்டாம்.

ஆங்கில நாட்டுச் சட்ட வரலாற்றிலே ஒரு வழக்கு உண்டு. 1825ஆம் ஆண்டிலே பிரிஸ்டல் நகருக்கு அண்மையில் ஹோல்புரூக் என்பவர் மதில் சூழ்ந்த தோட்டம் ஒன்றிலே விலையுயர்ந்த பூஞ்செடிகளை வளர்த்தார். திருடர் வருகின்றார்கள் என்று அங்கே ஒரு கட்டுத்துவக்கை அமைத்தார். எச்சரிக்கைப் பலகை எதுவும் வைக்கவில்லை. அயலவர் ஒருவரின் பெண்மயில் அந்தத் தோட்டத்துக்குள் போய்விட்டது. அதைப் பிடித்துக் கொடுப்பதற்காக பேர்ட் என்னும் 19 வயது இளைஞன் மதிலேறிக் குதித்தான், துவக்கு வெடித்தது, அவன் படுகாயமடைந்தான். 1828ஆம் ஆண்டு நீதிமன்றம் அந்த இளைஞனுக்கே சார்பாகத் தீர்ப்பளித்தது. அதற்கு முன்னரே, 1827ஆம் ஆண்டிலே, இத்தகைய துவக்குகளை நிலத்திலே கட்டிவைப்பதைக் குற்றமாக்கி அந்நாட்டுப் பாராளுமன்றம் சட்டம் இயற்றிவிட்டது. இரவிலே குடியிருக்கும் வீட்டைக் காப்பதற்கு மட்டும் விலக்களித்தது. 200 ஆண்டுகளுக்கு முன் ஒரு மயிலினால் வந்த வழக்கு அது. இன்று மயிலினால் அல்லற்படும் நமது கமக்காரர் அதன் நீதியை உணர்தல் வேண்டும். நேரிலே நின்று செய்யத் தகாத செயலை, நேரில் நில்லாமல் ஒரு பொறியைக் கொண்டு செய்விப்பதற்கும் எவருக்கும் உரிமை இல்லை என்பதே அந்த நீதி.

நமது நாட்டுச் சட்டமும் இதிலே கண்மூடி இருக்கவில்லை. அசட்டையாலோ கண்மூடித்தனத்தாலோ மரணம் விளைவிப்பவனைத் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு பிடித்துக்கொள்ளும். அனுமதிப்பத்திரம் இல்லாத துவக்கை வைத்திருந்தது தனிக் குற்றம். “பன்றிக்குத்தான் கட்டினேன்” என்ற மறுமொழி தண்டனையின் அளவைக் குறைக்க உதவலாம்; குற்றத்தைத் துடைக்க உதவாது. உணவுக்குள்ளே வெடியை மறைத்து வைக்கும் பழக்கமும் இதன் தம்பியே. பன்றிக்கு வைத்ததை யானைக்கன்று கடித்து, வாய் சிதைந்து, பட்டினியால் நாட்கணக்கிலே துடித்துச் சாகின்றது. அந்தப் பாவத்தை நமது வயலின் விளைச்சலோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோதல் வேண்டுமா?

இனி, சட்டப்படியான துவக்கின் கதையைப் பார்ப்போம். 1915ஆம் ஆண்டிலே இலங்கையிலே கலவரம் நிகழ்ந்தது. மறு ஆண்டிலே, 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் பிறந்தது. ஆங்கிலேயர் ஆக்கிய அந்தச் சட்டமே பல திருத்தங்களோடு இன்றும் நம்மை ஆள்கின்றது. 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தம் அதை மேலும் இறுக்கியது. ஆண்டுதோறும் டிசம்பர் 31ஆம் நாளோடு அனுமதிப்பத்திரம் காலாவதியாகும். அதற்குள் புதுப்பித்தல் வேண்டும். அனுமதிப்பத்திரம் ஆளுக்குரியது, வீட்டுக்குரியதன்று. தந்தையின் பெயரிலுள்ள துவக்கை மகன் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போவது சட்டத்தின் கண்ணிலே குற்றம். இந்தக் கட்டுப்பாடுகளை நாம் எதிர்க்கவில்லை. துவக்கு கத்தரிக்காய் அன்று, சந்தையிலே குவித்து விற்பதற்கு.

நாம் எதிர்ப்பது வேறு. போருக்கு முற்பட்ட காலத்திலே வன்னியிலும் கிழக்கிலும் அனுமதிப்பத்திரம் பெற்ற ஒற்றைக் குழல் துவக்கு வைத்திருந்த கமக்காரர் இருந்தார்கள் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். 1980களிலே போர் மூண்டபோது அந்தத் துவக்குகள் அவர்களின் கையை விட்டுப் போயின. மக்கள் இடம்பெயர்ந்தார்கள். ஆண்டுக்கணக்காக உழாமற் கிடந்த வயல் பற்றையாகி, பற்றை காடாகி, காடு விலங்குகளின் வீடாகியது. 2009ஆம் ஆண்டு மே மாதத்திலே போர் முடிந்தபின் மக்கள் திரும்பி வந்தார்கள். வந்து பார்த்தால், முன்பு காட்டுக்குள்ளே இருந்த பன்றி இப்போது முற்றத்திலே நிற்கின்றது. முன்பு முற்றத்திலே இருந்த துவக்கோ இல்லை. விலங்கு பெருகிய இடத்திலே காவல் குறைந்தது. இந்த நிலைக்குக் காரணம் கமக்காரனா?

“இரத்தம் தோய்ந்த இந்த மண்ணிலே மீண்டும் துவக்கா?” என்று சிலர் கேட்பார்கள். கேட்பது நியாயமே. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்குகின்றார்கள். அவர்களின் நடுக்கத்தை நாம் மதிக்கின்றோம். மதுவெறியிலும் குடும்பச் சண்டையிலும் காணிப் பிணக்கிலும் வேட்டைத் துவக்கினால் உயிர்கள் போனதும் உண்டு. மனமுடைந்தவர் தம்மையே சுட்டுக்கொண்டதும் உண்டு. இவற்றை மறைத்துவிட்டு வாதிடுவது நேர்மையன்று.

ஆனால், ஊரிலே துவக்கு இருப்பதா இல்லாதிருப்பதா என்பதன்று இன்றைய வினா. துவக்கு இப்போதும் இருக்கின்றது. அது பற்றைக்குள்ளே, கணக்கில்லாமல், ஆளில்லாமல் இருக்கின்றது. அதற்குப் பதிலாக, இலக்கமிட்ட ஒற்றைக் குழல் துவக்கொன்று, பெயர் தெரிந்த ஒருவனின் கையிலே, ஆண்டுதோறும் சோதனைக்கு உட்பட்டு இருக்கட்டும் என்கின்றோம். ஒற்றைக் குழல் துவக்கில் ஒரு நேரத்திலே ஒரு தோட்டாவே போகும். சுட்டபின் துவக்கை முறித்துத் திறந்து, வெறுங்கூட்டை எடுத்து, மறு தோட்டாவை இட்டு மூடினாலன்றி அடுத்த வெடி இல்லை. போருக்கு அது பயன்படாது, காவலுக்குப் பயன்படும்.

துவக்கின் அளவு பற்றியும் ஒரு சொல். “12 போர்” என்றால் என்ன என்று பலர் கேட்பதுண்டு. ஒரு இறாத்தல் ஈயத்தைச் சம எடையுள்ள 12 உருண்டைகளாக்கினால், அவற்றுள் ஒன்று அந்தக் குழலுக்குச் சரியாகப் பொருந்தும் என்பதே பொருள். ஆகவே எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும். 12ஐ விட 16 சிறிது. 16ஐ விட 20 சிறிது. 20ஐ விட 28 சிறிது. “410” என்பது மட்டும் இந்தக் கணக்கிலே சேராது. அது அங்குலத்தின் ஆயிரத்தில் 410 பங்கு என்று குழலின் அகலத்தையே குறிக்கும், ஏறத்தாழ 10.4 மில்லிமீற்றர். 12 போரின் அகலம் ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர்.

சிறு குழல் துவக்கு இலேசானது. தோளை உதைப்பது குறைவு. விலையும் பொதுவாகக் குறைவு. ஆனால் அதன் தோட்டாவிலே சன்னமும் குறைவு. 12 போர்த் தோட்டாவொன்றிலே ஏறத்தாழ 32 கிராம் சன்னம் இருக்கையில், 410இன் குறுந்தோட்டாவிலே ஏறத்தாழ 14 கிராமே இருக்கும். 25 மீற்றருக்கு அப்பால் அதை நம்புவதற்கில்லை. தோட்டப் பயிரை அழிக்கும் சிற்றுயிர்களுக்கும், வெடியோசையால் அச்சுறுத்துவதற்கும் அது போதும். அதைக்கொண்டு பெரும் பன்றியை எட்ட நின்று சுடுவது கொடுமை. காயம்பட்ட பன்றி திரும்பிப் பாய்ந்தால் ஆபத்தும் ஆகும். யானையை எந்தச் சன்னத் துவக்காலும் சுடுதல் கூடாது. அது சாகாது, புண்ணோடும் பகையோடும் அடுத்த வயலுக்குப் போய் அடுத்தவனைக் கொல்லும். யானையும் மானும் மரையும் சிறுத்தையும் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் காவலில் உள்ளவை. எந்த விலங்கைச் சுடச் சட்டம் இடந்தருகின்றது என்பதை வனசீவராசிகள் அலுவலகத்திலே கேட்டறிந்த பின்னரே துவக்கை எடுத்தல் வேண்டும்.

உரிமையைக் கேட்பவன் கடமையை ஏற்றல் வேண்டும். துவக்குப் பெற்றவனும் பெற விரும்புபவனும் பின்வருவனவற்றை மனத்திலே பதித்துக்கொள்ளட்டும்.

எந்தத் துவக்கையும் தோட்டா உள்ள துவக்காகவே கருதுக. கையில் எடுத்தவுடன் திறந்து பார்க்க. “இப்போதுதான் பார்த்தேன்” என்று அண்ணன் கொடுத்தாலும் தானும் ஒருமுறை திறந்து பார்க்க. குழலின் வாய் மனிதரை நோக்கலாகாது, விளையாட்டுக்கும் நோக்கலாகாது. சுடும் நொடி வரும்வரை விசையிலே விரல் படலாகாது.

கண்ணால் முழுவதும் காணாததைச் சுடாதே. சருகின் ஓசை பன்றியன்று. இருளில் அசையும் கருமை பன்றியன்று. ஒளிபட்டு மின்னும் இரு கண்கள் மாட்டின் கண்களாகவும் இருக்கலாம். ஐயம் இருந்தால் சுடாதே. பன்றி தப்பினால் நாளை வரும். மனிதன் போனால் வரமாட்டான். இலக்குக்கு அப்பால் என்ன இருக்கின்றது என்றும் பார்த்தல் வேண்டும். சிறு சன்னம் 200 மீற்றர் வரையும், பெருஞ்சன்னம் 500 மீற்றருக்கு அப்பாலும் பறக்கும். அங்கே அயலவனின் காவற்கொட்டில் இருக்கலாம். இன்றிரவு எந்த மூலையிலே காவல் இருக்கின்றோம் என்று அந்தி நேரத்திலேயே அயலவர்களுக்குச் சொல்லிவைத்தல் நன்று.

வேலியைக் கடக்குமுன், வாய்க்காலைத் தாண்டுமுன், பரணிலே ஏறுமுன், தோட்டாவை எடுத்துவிடுக. உழவு இயந்திரத்திலோ மோட்டார்ச் சைக்கிளிலோ தோட்டா இட்ட துவக்கோடு போகலாகாது. பழைய துவக்குகள் பலவற்றிலே மேலே தெரியும் குதிரை, விழுந்த மாத்திரத்திலேயே தோட்டாவை அடித்துவிடும். ஆதலால் காவற்கொட்டிலின் மூலையிலே தோட்டாவோடு சாத்திவைப்பது சாவைச் சாத்திவைப்பதேயாகும். வரப்பிலே வழுக்கிக் குழல்வாயிலே சேறு அடைத்தால், துடைத்து, பின்வாயிலிருந்து வெளிச்சம் பார்த்த பின்னரே சுடுக; அடைத்த குழல் வெடித்துச் சிதறும்.

தோட்டாவின் அளவு துவக்கின் அளவாகவே இருத்தல் வேண்டும். 20 போர்த் தோட்டாவைத் தவறுதலாக 12 போர்த் துவக்கில் இட்டால், அது குழலுக்குள் வழுகி நடுவிலே சிக்கி நிற்கும். துவக்கு வெறுமையென்று எண்ணி 12 போர்த் தோட்டாவை அதன்பின் இட்டுச் சுட்டால் குழல் வெடித்துச் சுட்டவனின் கையையே கொண்டுபோகும். இதனாலேயே 20 போர்த் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் இடும் வழக்கம் உலகிலே ஏற்பட்டது. விசையை இழுத்தும் தோட்டா வெடிக்கவில்லையாயின் உடனே திறவாதே. குழல்வாயை ஆளில்லாத் திசையிலே வைத்து அரை நிமிடம் பொறுத்த பின் திறக்க. துருப்பிடித்த, குழல் மெலிந்த பழந்துவக்கை, அறிந்தவர் ஒருவர் பரிசோதிக்காமற் சுடாதே.

வீட்டிலே துவக்கு ஒரு பூட்டுக்குள்ளும் தோட்டா வேறொரு பூட்டுக்குள்ளும் இருக்கட்டும். திறப்பு பிள்ளைகள் அறியாத இடத்திலே இருக்கட்டும். மது அருந்திய இரவு காவல் இல்லாத இரவு. வீட்டிலே ஒருவர் மனம் நொந்திருந்தாலோ சண்டை மூண்டிருந்தாலோ, துவக்கை அன்றைக்கே வீட்டை விட்டு அகற்றிப் பொலிஸ் நிலையத்திலே பாரங்கொடுப்பது மானக்கேடன்று, அதுவே ஆண்மை.

இவ்வளவையும் கமக்காரனிடம் கேட்கும் உரிமை நமக்கு உண்டானால், அரசாங்கத்திடம் கேட்கும் உரிமையும் உண்டு. நாம் கேட்பவை நான்கு. முதலாவது, விண்ணப்பமும் அதற்கான மறுமொழியும் தமிழ்ப் பகுதிகளிலே தமிழில் இருத்தல் வேண்டும். இரண்டாவது, கிராம அலுவலர், பிரதேச செயலாளர், பொலிசார், மாவட்டச் செயலாளர், பாதுகாப்பு அமைச்சு என்று விண்ணப்பம் நடக்கும் நடைக்கு ஒரு காலவரையறை வேண்டும். மறுப்பதானால் காரணத்தை எழுத்திலே தரல் வேண்டும். பயிர் விளைந்து அழிந்த பின் வரும் அனுமதிப்பத்திரம், பிணத்துக்கு இடும் மருந்து. மூன்றாவது, துவக்கு வழங்குமுன் 2 நாட் பயிற்சியைக் கமநல சேவை நிலையம் தோறும் நடத்தி, தேறியவருக்கே வழங்குதல் வேண்டும். நான்காவது, கட்டுத்துவக்கை ஒப்படைப்பவருக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு மன்னிப்பளித்து, அவர்களைச் சட்டப்படி விண்ணப்பிக்க விடுதல் வேண்டும். தென்னிலங்கைக் கமக்காரனுக்கு இவை பயன்படுமாயின் அவனும் பயன்பெறட்டும். பன்றிக்கு இனம் இல்லை. பயிரிழந்தவன் வயிற்றுக்கும் இனம் இல்லை.

துவக்கு ஒன்றே பயிரைக் காத்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. பொதுவேலியும், பற்றை வெட்டிய எல்லையும், முறைவைத்துக் காவல் இருக்கும் கமக்காரர் அமைப்பும் இல்லாத ஊரிலே நூறு துவக்கு இருந்தும் பயனில்லை. ஆனால் விழித்திருக்கும் காவலனின் கையிலே சட்டப்படியான ஒரு துவக்கு இருந்தால், உறங்குபவனின் பற்றைக்குள் கட்டுத்துவக்குக்கு வேலை இல்லை.

கற்ற பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே, ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்களே! உங்களுட் பெரும்பாலோர் கமக்காரரின் பிள்ளைகள். பன்றி உழக்கிய வயலின் மிச்ச நெல்லை விற்றுத்தான் உங்கள் தந்தையர் உங்களைப் படிப்பித்தார்கள். மாதத்திலே ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கமநல சேவை நிலையத்திலே போய் அமர்ந்து, விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். வந்த கடிதத்தை வாசித்துச் சொல்லுங்கள். கட்டுத்துவக்கினால் வரும் வழக்கு எத்தகையது என்று விளக்குங்கள். நமது அலுவலகத்துக்கு வந்த அந்தக் கடிதத்தை உரிய காலத்திலே வாசித்துச் சொல்ல அந்த ஊரிலே ஒருவர் முன்வந்திருந்தால் போதும். அதற்குப் புரட்சி வேண்டியதில்லை. 5 நிமிட நேரம் வேண்டியதாயிருந்தது.

கமக்காரத் தோழர்களே! அரசாங்கம் செய்யும் வரை காத்திருக்க வேண்டாத காரியம் ஒன்று உங்கள் கையிலே இருக்கின்றது. பற்றைக்குள்ளே கட்டியிருப்பதை இன்றைக்கே, வெளிச்சம் இருக்கும்போதே, போய் அவிழ்த்துவிடுங்கள். உரிமைக்காகச் சேர்ந்து வாதாடுவோம். அலுவலகப் படிகளிலே சேர்ந்து ஏறுவோம். ஆனால் கோரிக்கை மனுவிலே ஒப்பமிடும் அந்தக் கை, அயலவனின் காலைப் பறிக்கும் கம்பியைக் கட்டாத கையாய் இருக்கட்டும்.